கூட்டமைப்பு மாறும் கல்லூரிகள்: ஏறுவதா, இறங்குவதா, நிற்பதா?

ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லொரெட்டோ என்றொரு சிற்றூர் உள்ளது. அங்குள்ள புனித பிரான்சிஸ் பல்கலைக்கழகம் 1847 ஆம் ஆண்டில் பிரான்சிஸ்கன் துறவிகளால் ஆரம்பிக்கப்பட்ட சிறியதொரு கத்தோலிக்க உயர்கல்வி நிறுவனமாகும். இதன் ஆண்கள் கூடைப்பந்தாட்ட அணி 2025 மார்ச் மாதத்தில், 1991 ஆம் ஆண்டிற்குப் பின்னர் முதற்தடவையாக, நாடே பார்த்திருக்கும் தேசிய சுற்றுப்போட்டிக்குத் தகுதி பெற்றது. மார்ச் 18 ஆம் திகதி அலபாமா அரச பல்கலைக்கழக அணியிடம் 70 இற்கு 68 என்ற புள்ளிகள் கணக்கில் மயிரிழையில் தோற்று வெளியேறியது.

சரியாக ஒரு வாரத்தின் பின்னர் அப்பல்கலைக்கழகத்தின் ஆட்சிமன்றம் ஒரு முடிவை அறிவித்தது. முதலாம் பிரிவிலிருந்து முற்றாக விலகி மூன்றாம் பிரிவிற்குச் செல்வது என்பதே அந்த முடிவாகும். 1981 ஆம் ஆண்டு முதல், அதாவது ஆரம்பம் தொட்டே, தான் அங்கம் வகித்துவந்த வடகிழக்குக் கூட்டமைப்பைக் கைவிட்டு, அயலிலுள்ள சிறிய கல்லூரிகளைக் கொண்ட தலைவர்கள் விளையாட்டுக் கூட்டமைப்பில் 2026-27 பருவத்தில் இணைவதென்று அது தீர்மானித்தது. வெற்றியின் உச்சத்தில் நின்றுகொண்டு படியிறங்க முடிவு செய்த இந்நிகழ்வு அமெரிக்க உயர்கல்வி வட்டாரங்களில் பலத்த வாதப்பிரதிவாதங்களைத் தோற்றுவித்தது.

கூட்டமைப்பு என்றதும் எமது வாசகர்களுக்கு அரசியலே நினைவுக்கு வரக்கூடும். ஆனால் இது விளையாட்டுக் கூட்டமைப்பு. அமெரிக்கர் 'கொன்பரன்ஸ்' என அழைக்கும் இவ்வமைப்பு, ஒன்றோடொன்று ஒழுங்காகப் போட்டியிட இணங்கிய எட்டு, பத்து அல்லது பன்னிரண்டு கல்லூரிகளின் கூட்டாகும். இத்தகைய கூட்டமைப்புகள் பல சேர்ந்து தேசிய கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் மூன்று பிரிவுகளுக்குள் அடங்குகின்றன. முதலாம் பிரிவில் ஏறத்தாழ 360 கல்லூரிகளும் மூன்றாம் பிரிவில் 400 இற்கு மேற்பட்டவையும் உள்ளன. முதலாம், இரண்டாம் பிரிவுகளில் விளையாட்டுத் திறமைக்குப் புலமைப்பரிசில் வழங்கலாம். மூன்றாம் பிரிவில் அதற்கு இடமில்லை. அங்கே மாணவன் விளையாடுவது விளையாட்டிற்காகவே. அவனுக்குக் கிடைக்கும் உதவிகள் குடும்ப வருமானத்தையும் கல்வித் தகைமையையும் பொறுத்தவை.

ஒரு கல்லூரி எந்தக் கூட்டமைப்பில் இருக்கிறது என்பது வெறும் விளையாட்டு விவகாரம் அன்று. அதன் மாணவர்கள் எவ்வளவு தூரம் பயணம் செய்வர், எத்தனை நாள் விரிவுரைகளைத் தவறவிடுவர், விளையாட்டிற்கென எவ்வளவு பணம் ஒதுக்கப்பட வேண்டும், எந்தக் கல்லூரிகளின் பெயர்களோடு சேர்த்து அதன் பெயர் உச்சரிக்கப்படும் என்பனவெல்லாம் அந்த ஒரு தீர்மானத்திலேயே தங்கியுள்ளன. ஆதலால், சிறிய கல்லூரியொன்று கூட்டமைப்பு மாறலாமா என்ற கேள்வி, அக்கல்லூரி தன்னை யாரென்று கருதுகின்றது என்ற கேள்வியேயாகும்.

பெரிய பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரையில் இக்கேள்விக்குத் தொலைக்காட்சிப் பணம் விடையளித்துவிட்டது. 2022 ஜூன் மாதத்தில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் இரு பெரும் பல்கலைக்கழகங்கள் பசுபிக் கூட்டமைப்பிலிருந்து விலகப்போவதாக அறிவித்தன. அடுத்த ஆண்டிலேயே நூறாண்டுக்கு மேற்பட்ட பாரம்பரியம் கொண்ட அக்கூட்டமைப்பு சிதறிப்போனது. பசுபிக் கரையிலுள்ள ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் 2024 ஆம் ஆண்டிலிருந்து அத்திலாந்திக் கரைக் கூட்டமைப்பில் விளையாடுகின்றது. அதன் மாணவர்கள் பொஸ்டன் அணியோடு மோத வேண்டுமாயின் நாலாயிரம் கிலோமீற்றருக்கு மேல் பறக்க வேண்டும். புவியியலைப் பணம் வென்றுவிட்டது என்பதற்கு இதனைவிட வேறு சான்று தேவையில்லை.

பெரியவர்கள் இவ்வாறு இடம்பெயரும்போது கீழே ஏற்படும் வெற்றிடங்களுக்குச் சிறியவர்கள் அழைக்கப்படுகின்றனர். அழைப்பு வரும்போது மறுப்பது எளிதல்ல. மேலேறினால் பெயர் பரவும், விண்ணப்பங்கள் பெருகும், பழைய மாணவர் பணம் தருவர் என்று ஆட்சிமன்றங்களுக்குச் சொல்லப்படுகின்றது. இந்த நம்பிக்கைக்கு ஆதாரமாக அடிக்கடி காட்டப்படுவது 1984 நவம்பரில் பொஸ்டன் கல்லூரியின் டக் புளூட்டி கடைசி நொடியில் எறிந்த பந்தாகும். மயாமி அணியை வீழ்த்திய அந்த எறிகைக்குப் பின்னர் அக்கல்லூரிக்கான விண்ணப்பங்கள் கூடின என்பது உண்மையே. ஆயினும் அவை அதற்கு முன்னரே கூடிவந்தன என்பதைப் பின்னர் ஆராய்ந்தோர் சுட்டிக்காட்டியுள்ளனர். ஓர் எறிகையை வைத்து ஒரு கல்லூரியின் வரவு-செலவுத் திட்டத்தை வரைய முடியாது.

மற்றோர் உதாரணம் வொஷிங்டன் மாநிலத்தின் ஸ்போக்கேன் நகரிலுள்ள கொன்சாகா பல்கலைக்கழகம். யேசு சபையினரின் இந்தச் சிறிய நிறுவனம் 1999 ஆம் ஆண்டில் தேசிய கூடைப்பந்தாட்டத்தின் இறுதி எட்டு அணிகளுள் ஒன்றானது. 2017 இலும் 2021 இலும் இறுதிப் போட்டி வரை முன்னேறியது. இன்று அதன் பெயரை அறியாத அமெரிக்க மாணவர் குறைவு. சிறிய கல்லூரிகளின் தலைவர்கள் பலர் தாமும் ஒரு கொன்சாகா ஆகலாம் எனக் கனவு காண்கின்றனர். ஆனால் அவர்கள் கவனிக்கத் தவறும் ஒரு விடயம் உண்டு. கொன்சாகா அந்த உயரத்தை எட்டியது கூட்டமைப்பு மாறியதனால் அல்ல. 1979 ஆம் ஆண்டில் சேர்ந்த மேற்குக்கரைக் கூட்டமைப்பிலேயே, தன்னையொத்த சமயச் சார்புள்ள சிறிய கல்லூரிகளோடு இருந்துகொண்டே அது வளர்ந்தது. புதுப்பிக்கப்படும் பசுபிக் கூட்டமைப்பில் 2026 இல் இணைவதாக அது அறிவித்தது 2024 ஒக்டோபரில்தான். நாற்பத்தைந்து ஆண்டுகள் ஓரிடத்தில் நின்று வேரூன்றிய பின்னரே அது பெயர முடிவு செய்தது.

இனிப் பணத்தின் பக்கத்தைப் பார்ப்போம். முதலாம் பிரிவுக் கல்லூரியொன்று புலமைப்பரிசில் வழங்கி ஒரு வீரரைச் சேர்க்கும்போது, அவரிடமிருந்து வரவேண்டிய கட்டணத்தை இழப்பதோடு பயிற்றுநர், பயணம், மருத்துவம் ஆகியவற்றிற்கும் செலவிடுகின்றது. இச்செலவை ஈடுசெய்யப் பெரிய பல்கலைக்கழகங்களுக்கு எண்பதாயிரம் பேர் அமரும் அரங்குகளும் ஒளிபரப்பு ஒப்பந்தங்களும் உள்ளன. சிறிய கல்லூரிக்கு இருப்பது ஏனைய மாணவர் செலுத்தும் கட்டணமே. தேசிய கூடைப்பந்தாட்டச் சுற்றுப்போட்டியில் ஓர் அணி விளையாடும் ஒவ்வோர் ஆட்டத்திற்கும் அதன் கூட்டமைப்புக்கு ஆறாண்டுகளில் ஏறத்தாழ இரண்டு மில்லியன் டொலர் கிடைக்கின்றது என்பது பெரிதாகத் தோன்றலாம். அதனை அங்கத்துவக் கல்லூரிகள் அனைத்தும் பங்கிட்டுக்கொண்ட பின்னர் எஞ்சுவது சொற்பமே.

மூன்றாம் பிரிவில் இக்கணக்கு தலைகீழாகின்றது. அங்கே விளையாட வரும் மாணவன் கட்டணம் செலுத்தியே வருகின்றான். நான்கு ஆண்டுகள் விளையாட விரும்பி, அதற்கென்றே ஒரு சிறிய கல்லூரியைத் தெரிவு செய்யும் மாணவர்கள் ஏராளம். சில சிறிய கல்லூரிகளில் மாணவர் தொகையில் மூன்றில் ஒரு பங்கினர் ஏதாவதோர் அணியைச் சேர்ந்தவர்கள். 2007 ஆம் ஆண்டில் உச்சத்தை அடைந்த அமெரிக்கப் பிறப்பு எண்ணிக்கை 2008 நிதி நெருக்கடிக்குப் பின்னர் வீழ்ச்சி கண்டது. அந்த வீழ்ச்சி பதினெட்டு ஆண்டுகள் கழித்து இப்போது கல்லூரி வாசலை வந்தடைந்துள்ளது. மாணவர் கிடைப்பதே அரிதாகும் காலத்தில், மாணவரை ஈர்க்கும் விளையாட்டிற்கும் மாணவரின் பணத்தை விழுங்கும் விளையாட்டிற்கும் இடையிலான வேறுபாடு வாழ்வா சாவா என்ற பிரச்சினையாகிவிடுகின்றது.

இதற்கு மேலாக நீதிமன்றத் தீர்ப்புகளும் சேர்ந்துள்ளன. 2021 ஜூலை முதல் வீரர்கள் தமது பெயரையும் தோற்றத்தையும் விளம்பரத்திற்குப் பயன்படுத்திப் பணம் பெறலாம். கல்லூரி விட்டுக் கல்லூரி மாறுவோருக்கு இருந்த தடைகளும் தளர்ந்துவிட்டன. 2025 ஜூன் 6 ஆம் திகதி நீதிபதி குளோடியா வில்கன் அங்கீகரித்த இணக்கத் தீர்வின்படி, கல்லூரிகள் தமது வருமானத்திலிருந்து வீரர்களுக்கு நேரடியாகவே கொடுப்பனவு செய்யலாம். முதலாவது ஆண்டில் ஒரு கல்லூரிக்கான உச்சவரம்பு ஏறத்தாழ 20.5 மில்லியன் டொலர். முன்னாள் வீரர்களுக்கு வழங்கவேண்டிய 2.8 பில்லியன் டொலர் நட்டஈட்டிற்காகச் சங்கம் தனது பகிர்வைக் குறைப்பதால், தொலைக்காட்சிப் பணத்தைக் கண்ணாலும் காணாத சிறிய முதலாம் பிரிவுக் கல்லூரிகளும் அச்சுமையில் ஒரு பகுதியைத் தாங்குகின்றன.

வீரர்களுக்கு நியாயமான பங்கு கிடைப்பதை நாம் குறைகூறவில்லை. பல்லாண்டுகளாகப் பிறர் உழைப்பில் பிறர் செழித்த முறை முடிவுக்கு வரவேண்டியதே. ஆனால் அதன் விளைவாகச் சிறிய கல்லூரி, தான் தேடி வளர்த்த திறமையாளரை மறு ஆண்டே பணக்காரக் கல்லூரிக்குப் பறிகொடுக்கும் நாற்றுமேடையாக மாறிவிட்டது என்பதும் மறுக்கமுடியாத உண்மையாகும். இந்தப் பின்னணியிற்றான் லொரெட்டோவின் முடிவை நோக்க வேண்டும்.

லொரெட்டோவிற்கு முன்னோடியாகக் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்போர்ட் பல்கலைக்கழகம் விளங்கியது. 2021 மார்ச்சில் அதன் அணி வரலாற்றில் முதற்தடவையாகத் தேசிய சுற்றுப்போட்டிக்குச் சென்றது. மே மாதம் அதன் ஆட்சிமன்றம் மூன்றாம் பிரிவிற்குச் செல்லத் தீர்மானித்தது. ஆண்டுதோறும் மில்லியன் கணக்கான டொலர்களை மீதப்படுத்தலாம் என்ற ஆலோசனை அறிக்கையே அதற்கு ஆதாரமாயிற்று. வீரர்களும் பழைய மாணவர்களும் கொதித்தெழுந்தனர். அவர்களது கோபத்தில் நியாயம் இல்லாமலில்லை. முதலாம் பிரிவில் விளையாடலாம், புலமைப்பரிசிலில் படிக்கலாம் என்ற வாக்குறுதியை நம்பியே பல குடும்பங்கள் பிள்ளைகளை அனுப்பியிருந்தன. வறிய குடும்பத்துப் பிள்ளைக்கு விளையாட்டுப் புலமைப்பரிசில் என்பது கௌரவம் மட்டுமல்ல, பட்டப்படிப்புக்கான ஒரே வாசலாகவும் இருக்கலாம். கணக்கேட்டில் மீதமாகத் தெரியும் தொகை, யாரோ ஒருவர் இழந்த வாய்ப்பு என்பதை மறந்துவிடலாகாது.

இறங்குவது மட்டுமே பரிகாரம் என்று எண்ணுவதும் தவறாகும். அலபாமா மாநிலத்தின் பேர்மிங்ஹாம்-சதர்ன் கல்லூரியின் கதை இதற்குச் சான்று. 1856 இல் வேரூன்றிய இக்கல்லூரி இரண்டாயிரத்தின் ஆரம்பத்தில் பெருமுயற்சி செய்து முதலாம் பிரிவில் நுழைந்தது. செலவைத் தாங்க மாட்டாது 2006 இல் மூன்றாம் பிரிவிற்குச் செல்லத் தீர்மானித்தது. விளையாட்டைப் பொறுத்தவரை அது விவேகமான முடிவே. ஆனால் கட்டடக் கடன்களும் 2010 இல் வெளிப்பட்ட நிதியுதவிக் கணக்கு வழுக்களும் கல்லூரியைத் தொடர்ந்து அரித்தன. மாநில அரசிடம் கோரிய கடன் மறுக்கப்பட்ட நிலையில், 2024 மே 31 ஆம் திகதி அது நிரந்தரமாக மூடப்பட்டது. அன்றைய தினம் அதன் பேஸ்போல் அணி ஒஹாயோ மாநிலத்தில் மூன்றாம் பிரிவுத் தேசிய இறுதிச் சுற்றில் விளையாடிக்கொண்டிருந்தது. கல்லூரி இல்லாமற்போன பின்னரும் அதன் பெயரைச் சீருடையில் தாங்கி மாணவர் விளையாடிய அக்காட்சி பலரையும் கலங்கச் செய்தது. அத்திவாரம் ஆட்டங்காணும் வீட்டிற்கு எந்தக் கூட்டமைப்பும் முட்டுக்கொடுக்க மாட்டாது.

கூட்டமைப்பு மாறுவதென்பது எப்போதும் கல்லூரியின் விருப்பமாகவே அமைவதுமில்லை. மினசோட்டாவின் புனித தோமையர் பல்கலைக்கழகம் 1920 இல் உருவான அம்மாநிலக் கூட்டமைப்பின் ஸ்தாபக உறுப்பினர். காலப்போக்கில் அது ஏனைய கல்லூரிகளைவிடப் பன்மடங்கு பெருத்தது. 2017 இல் அமெரிக்க உதைபந்தாட்டத்தில் புனித ஓலாப் கல்லூரியை 97 இற்கு 0 எனத் தோற்கடித்தது. போட்டியில் சமநிலை இல்லை என்று கூறி, 2019 இல் ஏனைய கல்லூரிகளின் தலைவர்கள் நூறாண்டு உறவை முறித்து அதனை வெளியேற்றினர். அது மூன்றாம் பிரிவிலிருந்து நேரடியாக முதலாம் பிரிவிற்குத் தாவியது. பிறர் வைத்த தேர்வில் அது தேறியது என்றே சொல்ல வேண்டும். ஆனால் அதற்கு வேண்டிய மாணவர் பலமும் கொடையாளர் பலமும் அதனிடம் ஏற்கெனவே இருந்தன. அவை இல்லாத கல்லூரி அதனைப் பின்பற்ற முனைவது, புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதையாகவே முடியும்.

இவ்விரு வழிகளையும் விட்டு மூன்றாவதொரு வழியைத் தேர்ந்தவர்களும் உளர். அட்லாண்டாவிலுள்ள கறுப்பினப் பெண்களுக்கான ஸ்பெல்மன் கல்லூரி சார்ந்திருந்த சிறிய கூட்டமைப்பிலிருந்து உறுப்புக் கல்லூரிகள் ஒவ்வொன்றாக விலகின. வேறொரு கூட்டமைப்பைத் தேடுவதா என்ற கேள்வி எழுந்தபோது, தலைவர் பெவர்லி டேனியல் டேற்றம் வேறொரு கேள்வியைக் கேட்டார். ஏறத்தாழ 2,100 மாணவியருள் எண்பது பேர் மட்டுமே பங்குபற்றும் போட்டிகளுக்கு ஆண்டுதோறும் ஒரு மில்லியன் டொலர் வரை செலவிடுவது தகுமா என்பதே அது. நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் கறுப்பினப் பெண்களைப் பெரிதும் வாட்டும் நாட்டில், அப்பணத்தை மாணவியர் அனைவரதும் உடல்நலத்திற்குச் செலவிடுவது என 2012 இல் முடிவு செய்யப்பட்டது. இம்முடிவு எல்லோருக்கும் பொருந்தும் என நாம் கூறவரவில்லை. ஆனால் எந்தக் கூட்டமைப்பு என்ற கேள்விக்கு முன்னால் எதற்காக விளையாட்டு என்ற கேள்வி வரவேண்டும் என்பதை ஸ்பெல்மன் உணர்த்தியது.

அவ்வாறாயின் சிறிய கல்லூரியொன்று கூட்டமைப்பு மாறலாமா? மாறலாம், ஆனால் தன்னையொத்தவர்களை நோக்கி மாறவேண்டும் என்பதே எமது கருத்தாகும். மாணவர் தொகையிலும் செல்வத்திலும் கல்வி நோக்கிலும் தூரத்திலும் ஒத்திருக்கும் கல்லூரிகளோடு சேர்வது பலம். தான் ஆக விரும்புகின்ற ஒன்றைப் போல் நடிப்பதற்காகச் சேர்வது பலவீனம். வடகிழக்குக் கூட்டமைப்பு இன்று பொஸ்டன் அயலிலிருந்து சிக்காகோ வரை நீண்டு கிடக்கின்றது. லொரெட்டோ தெரிவு செய்த கூட்டமைப்போ மேற்குப் பென்சில்வேனியாவையும் அதனை அண்டிய பகுதிகளையும் மையமாகக் கொண்டது. மாலையில் விளையாடிவிட்டு இரவே விடுதி திரும்பி மறுநாட் காலை விரிவுரையில் அமரக்கூடிய தூரம் அது. அந்த ஒரு காரணமே அதன் முடிவைப் பெருமளவு நியாயப்படுத்துகின்றது.

முடிவை எடுப்பவர் யார் என்பதும் முக்கியமானது. 1955 இல் உருவான அக்கூட்டமைப்பு தலைவர்கள் கூட்டமைப்பு எனப் பெயர் பெற்றதற்குக் காரணம் உண்டு. விளையாட்டுப் பணிப்பாளர்களின் கையில் அல்லாது கல்லூரித் தலைவர்களின் கையிலேயே கட்டுப்பாடு இருக்கவேண்டும் என்று அதனை நிறுவியோர் விரும்பினர். நல்ல ஏற்பாடுதான். எனினும் தலைவர்களும் ஆட்சிமன்றமும் மூடிய கதவுக்குள் முடிவெடுத்து, வீரர்களுக்குச் செய்தியை மட்டும் அறிவிக்கும் வழக்கம் கைவிடப்பட வேண்டும். கணக்குகள் முன்கூட்டியே பகிரங்கப்படுத்தப்பட வேண்டும். ஏற்கெனவே சேர்ந்த மாணவருக்கு அளித்த புலமைப்பரிசில், அவர்கள் பட்டம் பெறும்வரை எந்தக் காரணத்திற்காகவும் பறிக்கப்படலாகாது. மேலேறுவதாயின், பத்தாண்டுகள் ஒரு வெற்றியும் கிட்டாவிட்டாலும் கல்லூரி தாங்குமா என்ற கேள்விக்கு எழுத்தில் விடை வேண்டும். அந்த விடையைத் தர முடியாத ஆட்சிமன்றத்திற்கு மேலேறும் உரிமை இல்லை.

இச்சிறிய அமெரிக்கக் கல்லூரிகள் எமக்கு முற்றிலும் அந்நியமானவை அல்ல. 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரியை ஆரம்பித்து அதன் முதல்வராகப் பணியாற்றிய டானியல் பூவர், நியூ ஹாம்ப்ஷியரின் டார்ட்மத் கல்லூரியில் பட்டம் பெற்றவர். அந்த டார்ட்மத் இன்று, விளையாட்டுப் புலமைப்பரிசில் வழங்குவதில்லை என்ற கொள்கையைப் பேணும் ஐவி லீக்கின் உறுப்பினராக உள்ளது. யாழ்ப்பாணத்திற்கு அவர் கொண்டுவந்தது, நாட்டுப்புறத்துச் சிறிய கல்லூரியும் பெரிய கல்வியைத் தரமுடியும் என்ற நம்பிக்கையையே. எமது மண்ணிலும் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் மோதிவரும் வடக்கின் பெரும் சமர் நீடித்து நிற்பதன் இரகசியம் ஒன்றே. ஒரே ஊரின் ஒத்த இரு கல்லூரிகள், தமக்கிடையேயான உறவை வெற்றி தோல்விக்கு மேலாக மதிக்கின்றன.

கல்லூரியின் பெருமையை அது யாரை வென்றது என்பதைக் கொண்டு மட்டும் அளப்பவர்கள் எங்கும் உளர். அத்தகையோரின் ஆரவாரத்திற்குச் செவிசாய்த்துக் கல்லூரியைக் கடனில் ஆழ்த்தும் நிருவாகிகளைக் காட்டிலும், ஆரவாரம் ஓயுமுன்னரே கணக்கைப் பார்த்த லொரெட்டோவின் துறவிகள் தமது மாணவருக்குக் கூடிய நன்மை செய்துள்ளனர் என்றே நாம் கருதுகின்றோம். அந்த நன்மை முழுமை பெறுவது, இம்மாற்றத்தால் இழப்பைச் சந்திக்கும் வீரர்களுக்கு அவர்கள் எவ்வாறு நீதி வழங்குகின்றனர் என்பதிலேயே தங்கியுள்ளது.